ஒரு டிரம்மும் இரண்டு மூடிகளும்

1

இந்தக் கதை ஒரு மூட்டை உரத்துக்காக எழுதப்படுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுத் தோட்டத்தைப் பற்றி நல்ல கதை எழுதுகிறவருக்கு ஒரு மூட்டை மக்கிய உரம் பரிசு என்று நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேட்டேன். நூலகத்து அம்மாவுக்குத் தெரியவில்லை. "பெரிய மூட்டைதாங்க ஐயா" என்றார். இப்படிச் சொல்லப்படுகிற மூட்டையில் பாதி மண்தான் இருக்கும். இருக்கட்டும், மண்ணும் எனக்கு வேண்டியதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். கதை எப்படி எழுதுவது என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஒரு சிக்கல் வேண்டும், அப்புறம் ஒரு முடிவு வேண்டும் என்றார். திருப்பிக் கேட்டபோதும் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். என்னிடம் ஆள் இருக்கிறார். சிக்கல் வேண்டிய மட்டும் இருக்கிறது. முடிவுதான் கையில் இல்லை. அது கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். இஷ்டமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

வானம் சிவந்திருந்த அந்த மாலைப் பொழுதில், தக்காளிச் செடிகள் மெல்லத் தலையசைத்து

வெட்டிவிட்டேன். மாலையானால் எனக்குக் கண் சரியாகத் தெரியாது. வானம் என்ன நிறத்தில் இருந்தால் தக்காளிக்கு என்ன?

அப்புறம் இப்படி:

ஒரு ஊரில் ஒரு குழாய்க்காரர் இருந்தார். அவர் தன் நிழலையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

இது நிற்கட்டும்.

(குழாய்க்காரர்னா யாருங்க? நீங்கதானே? நேரா எழுதினா என்ன குறைஞ்சிடும்?)

மேலே அடைப்புக்குள் இருப்பது நான் எழுதியதல்ல. எழுதிய தாளைச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போனால், என் வீட்டுக்காரி எடுத்துப் படித்துவிட்டுப் பென்சிலால் கிறுக்கிவைக்கிறாள். ஒளித்துவைக்கலாம் என்றால், அவளுக்குத் தெரியாத இடம் இந்த வீட்டில் இல்லை. அழிக்கலாம் என்றால் அழுத்தி எழுதியிருக்கிறாள். அப்படியே விட்டுவிடுகிறேன். நீங்களும் பார்க்காததுபோல் தாண்டிப் போங்கள்.

குழாய்க்காரர் வேறு, நான் வேறு. அவருக்கு என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. முழங்கால் வலியும் கிடையாது. கதை எழுதுவதில் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

3

குழாய்க்காரர் விதைப் பொட்டலத்தை நம்பமாட்டார். ஒரு தடவை கடையில் வாங்கிப் போட்டதில் படத்தில் யானை, செடியில் பூனை. அன்றிலிருந்து சொந்த விதைதான். பழத்தைப் பிழிந்து, வழவழப்புப் போக அலசி, தட்டில் பரப்பிக் காயவைத்து எடுத்துவைப்பார்.

அவரிடம் இரண்டு ரகம். இரண்டுக்கும் அவரே பெயர் வைத்தார்.

ஒன்று குண்டு. ஒரு பழம் உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு வழியும். ருசி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெட்டினால் பாதி தண்ணீர். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதைப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்த பேச்சை மறந்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் இருப்பதிலேயே பெரிய பழத்தை விதைக்கு விட்டு, விட்டு, அவர் வளர்த்துக் கொண்டுவந்த ரகம் அது.

இன்னொன்று நாட்டு. சின்னது. பூசணி மாதிரி வரி வரியாக இருக்கும். காக்கை உற்றுப் பார்த்தாலே தோல் வெடித்துவிடும். கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவு புளிப்பு.

விதையாகக் காய்ந்தபின் எது எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அதனால் ஒரே மாதிரியான இரண்டு வாஷர்* டப்பாக்களில் போட்டு, குண்டுக்குச் சிவப்பு மூடி, நாட்டுக்கு நீல மூடி போட்டார். தொழில் புத்தி. சுடுதண்ணீருக்குச் சிவப்பு, பச்சைத்தண்ணீருக்கு நீலம். இத்தனை வீட்டுக்குக் குழாய் போட்டும் ஒரு வீட்டில்கூட இரண்டையும் மாற்றிக் கொடுத்ததில்லை. அவருக்கு இருக்கும் ஒரே பெருமை அதுதான்.

(ஒரே பெருமையா? நான் மீதியைச் சொல்லட்டுமா?)

* வாஷர் என்பது குழாய் ஒழுகாமலிருக்க உள்ளே போடும் ரப்பர் வளையம். அது தேய்ந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

4

சிக்கல் வெயிலில் ஆரம்பித்தது. அடுத்த வீட்டுத் தையல்காரர் மெஷின்கள் போட இடம் போதவில்லை என்று மாடியில் ஓர் அறை எழுப்பினார். சுவர் ஏற ஏற, குழாய்க்காரரின் கொல்லையில் நிழல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் வெயில் மிச்சம். பாதியாக வெட்டிய டிரம் ஒன்று வைக்கலாம். அதில் ஒரு செடி நிற்கும்.

தையல்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வாயில் ஊசி இருந்ததால் ஒரு பக்கமாகப் பேசினார்.

"அண்ணே, இங்க மேல வெயில் கொட்டிக் கிடக்கு. உங்க டிரம் ஒண்ணைக் கொண்டாந்து வைங்களேன்."

"என் வெயிலை எடுத்துக்கிட்டு எனக்கே இரவல் குடுக்கிறியா தம்பி?"

"வெயில் யாரு வீட்டுச் சொத்துண்ணே?"

"சுவர் எழும்புற வரைக்கும் என் வீட்டுது."

ஆக அடுத்த வருஷத்துக்கு ஒரே டிரம், ஒரே செடி. குண்டா, நாட்டா?

5

இங்கே குழாய்க்காரரின் மனைவி உள்ளே வர வேண்டும். அவளை எப்படி எழுதுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பொறுமையே உருவான அந்தப் பெண்மணி

(யாரு?)

வெட்டிவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர், "தானா வந்துரும்மா, சில பேருக்கு நாளாகும்" என்றார். நாளானது, வரவில்லை. எதை வாயில் வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்றாள். அப்படியும் கரண்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கைப்பழக்கத்தில் சமைத்தாள். ஒரு வேளை உப்பே இருக்காது. அடுத்த வேளை கடலே இறங்கியிருக்கும்.

"உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"சரியா இருக்கு" என்பார் குழாய்க்காரர்.

உலகத்தில் யாரிடமும் தாட்சண்யம் பார்க்காத மனுஷன். நூலகத்துத் தண்ணீர்க் குழாயை மாட்டியவன் மடையன் என்று நூலகத்திலேயே சத்தமாகச் சொன்னவர். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் வேறு மாதிரி திரும்பியது. சொல்லிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார்.

போன வெயில் காலத்தில் ஒரு நாள் கொல்லையிலிருந்து கத்தினாள். "என்னங்க! என்னங்க!" எங்கேயோ குழாய் வெடித்துவிட்டது என்று ஸ்பேனரோடு ஓடினார். அவள் செடிக்குப் பக்கத்தில் நின்றாள், கையில் பாதி கடித்த நாட்டுத் தக்காளி. முழங்கை வரை சாறு ஒழுகியது.

"புளிக்குதுங்க!"

"என்னது?"

"புளிக்குது! எனக்குத் தெரியுது! அந்தா அதைப் பறிங்க. அதையும்."

பச்சைக் காய் மட்டும் மிஞ்சும் வரை தின்றாள். அதற்குப் பின் ஒவ்வொரு பழமாகப் பழுக்கப் பழுக்க அதன் எதிரிலேயே காத்திருந்தாள். பருவம் முடிந்தது, செடி காய்ந்தது. மறுபடியும் மண்தான். கடைத் தக்காளி, எலுமிச்சை, எதுவும் அந்த நாக்கை எழுப்பவில்லை.

அப்படியானால் நாட்டைத்தானே போட வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் குண்டு வளர்த்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள். ஒரு வருஷம் போடாமல் விட்டால் அடுத்த வருஷமும் விட்டுப்போகும். விதை கிழடாகும். தையல்காரர் மாடியிலிருந்து வெறும் கொல்லையைப் பார்ப்பார். "டாக்டர் தானா வரும்னுதானே சொன்னாரு" என்று குழாய்க்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னதும் வெட்கமாக இருந்தது. மறுபடியும் சொல்லிக்கொண்டார்.

6

இந்தப் பகுதியை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதினால் அவள் படிப்பாள். எழுதாவிட்டால் கதை இல்லை, மூட்டையும் இல்லை. எழுதுகிறேன்.

தையல்காரர் குண்டு விதை கேட்டார். "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேண்ணே" என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போனார். வெயிலையும் எடுத்துக்கொண்டு விதையையும் எடுத்துக்கொள்வதா? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. காலையில் எழுந்ததும் குழாய்க்காரர் இரண்டு டப்பாக்களின் மூடிகளையும் மாற்றிப் போட்டார். தையல்காரர் வந்தபோது, "சிவப்பு மூடியில இருக்கு தம்பி, வேணுங்கிற அளவு எடுத்துக்க" என்றார். அந்தத் தாராளத்தைப் பார்த்துத் தையல்காரருக்கே கண் கலங்கிவிட்டது. அவர் போனதும் குழாய்க்காரர் மூடிகளைப் பழையபடி மாற்றி வைத்தார். வேலை சுத்தம்.

(நீங்க மூடி மாத்துறதை நான் ஜன்னல் வழியா பாத்துட்டேன். நீங்க குளிக்கப் போனதும் நானும் ஒரு தடவை மாத்தி வெச்சிட்டேன். பக்கத்து வீட்டுக்காரனை ஏமாத்தியா செடி வளர்க்கணும்? அவருக்குப் போனது நெசமான குண்டுதான்.)

இதைக் காலையில் படித்தேன். டீ ஆறிப்போனது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் ஒரு தடவை மாற்றினார், அவள் ஒரு தடவை மாற்றினாள். சரியாகிவிட்டது. அப்புறம் அவர் பழையபடி வைப்பதாக நினைத்து இன்னொரு தடவை மாற்றினார். தப்பாகிவிட்டது. சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர். ஆயுசுக்கும் நடக்காதது நடந்துவிட்டது. சரி, இன்னொரு தடவை மாற்றினால் தீர்ந்தது என்று கையை நீட்டியவன் நிறுத்திவிட்டேன். இவள் ஜன்னலை விட்டு நகர்ந்திருப்பாளா?

குழாய்க்காரர் சமையலறைக்குப் போனார். (நான்தான் போனேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.)

"அவன் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் நீ மூடியைத் தொட்டியா?"

"தொட்டிருப்பேன்."

"விளையாடாத. தொட்டியா, இல்லையா?"

"நீங்க திரும்பவும் மாத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்களை இன்னிக்கு நேத்தா பாக்குறேன்?"

"அப்ப நீயும் மாத்தி வெச்சிட்ட."

"அப்படின்னு நான் சொன்னேனா?"

"சொல்லித் தொலையேன்! ஒரு டிரம்தான் இருக்கு!"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். "எந்த விதை முளைச்சாலும் முளைக்கட்டும். நீங்க எதுன்னு நினைச்சு போட்டீங்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள். ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

நான் கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

7

நூலகத்து அம்மா முடிவு வேண்டும் என்றார். எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. நாட்டு காய்க்கிறது. அவள் கடிக்கிறாள். புளிக்கிறது. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வெட்டிவிட்டேன். வெங்காயம் அரியும்போது தவிர நாங்கள் ஒருவர் அழுது ஒருவர் பார்த்ததில்லை.

முடிவு இரண்டு. குண்டு காய்க்கிறது. தையல்காரர் வாயிலிருந்த ஊசியை விழுங்கப் பார்க்கிறார். அவள் கொல்லைப்பக்கம் வந்து, "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இதை எழுதியபின் கொஞ்ச நாள் பேனாவைத் தொடவில்லை.

முடிவு மூன்று. குழாய்க்காரர் இன்னொரு டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு தையல்காரர் மாடி ஏறுகிறார். "தம்பி, கொஞ்சம் வெயில் குடு" என்கிறார். இதை அவர் செய்யமாட்டார். செய்தால் அது வேறு ஆள், வேறு கதை.

(செஞ்சா நல்லாத்தான் இருக்கும்.)

8

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது வந்தே விட்டது. கதையைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். இன்று காலை டிரம்மில் மண் நிரப்பி, விரலால் குழி போட்டு, ஒரு டப்பாவைத் திறந்து விதை போட்டாயிற்று. அது முளைத்து, பூத்து, காய்த்து, பழுத்து எது என்று தெரிவதற்குள் உர மூட்டை வேறு எவன் வீட்டுக்காவது போய்விடும்.

கையைக் கழுவும்போது அவள் பின்வாசலில் நின்றாள்.

"எதுன்னு நினைச்சு போட்டீங்க?"

என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்பவும் கூடாது. இத்தனை மாதமாக உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்ன வாய் இது.

"கதையில எழுதியிருக்கேன், படிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் யாரையும் நம்பாதவன், ஆனாலும் வேறு வழியில்லை. இவ்வளவு நேரம் அந்த ஆளோடு இருந்திருக்கிறீர்கள். அவர் மூடி மாற்றியதைப் பார்த்தீர்கள், தண்ணீர் குடித்ததையும் பார்த்தீர்கள். உங்களை அவளுக்குத் தெரியாது, அதனால் நம்புவாள். கீழே ஆரம்பித்து விட்டிருக்கிறேன். பென்சில் அவளிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம். தாளை உப்பு ஜாடிக்குக் கீழே வைக்கப்போகிறேன்.

அன்று காலை, டப்பாவைத் திறந்தபோது, குழாய்க்காரர் மனதில் நினைத்தது