பொத்தான் டப்பா

அமீருதீன் அண்ணனின் சட்டையில் இரண்டாவது பொத்தான் மறுபடியும் காணாமல் போயிருந்தது. அவர் மனைவி ரம்லத் சட்டையைக் கொண்டுவந்து என் தையல் மிஷின்மேல் வைத்தாள். புதன்கிழமை மத்தியானம். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வேறு எந்த ஆம்பிளையின் சட்டையும் மூன்று வருஷமாக இப்படி வாராவாரம் பொத்தான் உதிர்த்ததில்லை. அவள் ஒருநாளாவது நூலைப் பார்த்திருந்தால், அது தேய்ந்து அறுந்ததல்ல, பிளேடு பட்டது என்று தெரிந்திருக்கும். புருஷனைப் பார்க்கிற கண்ணுக்கு நூல் தெரியாதுபோல.

என்னைப் பற்றிச் சந்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரியின் மருமகள் காக்கநாட்டு வேலையை விட்டது, மாமியாருக்கு முன்னால் பேச்சியம்மாளுக்குத் தெரியும் என்பார்கள். உண்மைதான். அப்படிப்பட்ட நான் மூன்று வருஷமாக வாயைக் கட்டி ஒரே ஒரு ரகசியத்தைக் காத்திருக்கிறேன். தேடித் தேடி, காக்கக் கூடாததைத்தான் காத்திருக்கிறேன்.

இஞ்சிக் குடோனில் மேஸ்திரியான அண்ணன் ஒருநாளைக்கு இரண்டு கட்டு பீடி இழுத்தவர். அவர் அதை விட வேண்டும் என்று ரம்லத் தர்காவில் நேர்ச்சை வைத்தாள். அவரும் இனி வாயில் புகை ஏற்றுவதில்லை என்று சத்தியம் செய்தார். நாற்பதாம் நாள் அவள் சந்து முழுக்க நெய்ச்சோறு கொடுத்தாள். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பீடியை மறக்க டாக்டர் எழுதிக் கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கம் மூன்று மாதத்துக்குத்தான். மூன்று மாதம் முடிந்தது, சூயிங்கம் முடியவில்லை. முனை மருந்துக்கடை ரம்லத்தின் தம்பி அல்தாஃபுடையது. அங்கே வாங்கினால் அன்றைக்கே விஷயம் வீட்டுக்குப் போய்விடும். லைனிங் துணி வாங்க நான்தானே போட்டில் எர்ணாகுளம் போகிறவள்? அவரே பொத்தானை அறுத்த சட்டை வந்தால் சூயிங்கம் அட்டை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பொத்தான் வைத்து, உள்ளே அட்டைகளைச் செருகி, பேப்பரில் பொதிந்து வைப்பேன். அவரே வந்து வாங்கிப்போவார். வாய் அசைவதை ரம்லத் கேட்டால் சுக்கு என்பார். சத்தியம் புகைக்குத்தான், மெல்லுவதற்கில்லை என்று எனக்கு விளக்கம் வேறு சொல்வார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் நானும் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். காரமாகச் சுரீரென்றது, விக்கல் வந்தது, தலை லேசாகச் சுற்றியது. துப்பிவிட்டேன். மறுநாள் இன்னொன்று. பிறந்ததிலிருந்து பீடியைக் கையால் தொடாத நான், இப்போது காலையில் ஒன்று போடாமல் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. கை ஓடாது, எல்லார்மேலும் எரிந்து விழுவேன்.

இரண்டு மாதம் முன் குடோனில் பெட்டி ஆணி அவர் காலில் ஏறியது. சர்க்கரை உடம்பு. புண் மூடவே இல்லை, பெருவிரல் ஓரம் கறுத்துவிட்டது. நடக்க முடியாததால் சட்டையைக் கொண்டுவருவதும் பொதியைக் கொண்டுபோவதும் ரம்லத் வேலையாயிற்று. வீட்டில் சும்மா கிடப்பதால் பொத்தானும் வாரத்துக்கு இரண்டாக விழுந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கூப்பிடாமலே போவேன், தெரிந்ததுதானே. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, ரத்த ஓட்டம் போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

"புகவலி உண்டோ? பீடி, சிகரெட்டு?"

"இல்ல டாக்டரே. மூணு வருஷமாச்சு, நேர்ச்ச வச்சு நிறுத்துனது," என்றாள் ரம்லத். பரீட்சையில் பாசான பிள்ளையின் முகம் அவளுக்கு. "வேணும்னா மருந்துக்கடை வச்சிருக்க எந் தம்பிகிட்ட கேளுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமைக்குள் தெளியாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நர்ஸிடம், திருப்பூணித்துறையில் ஒரு சொந்தக்காரருக்கு என்று சொல்லி, சூயிங்கத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான், ரத்தக் குழாயைச் சுருக்கும் என்றாள் அவள். பீடியை விட இது எவ்வளவோ மேல். ஆனால் வருஷக்கணக்கில் போடுவதற்கல்ல என்றும் சொன்னாள்.

"ஆறாத புண்ணு இருந்தா டாக்டரோட சொல்லியே தீரணும், சேச்சி. ஆளு யாராக்கும்?"

பெஞ்சில் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ரம்லத் மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

"சந்துக்கே நெய்ச்சோறு குடுத்தவ அவ, பேச்சி. இது தெரிஞ்சா அவ தல நிமிர முடியுமா? ஒரு வெரல் போனா ஒம்போது கெடக்கு," என்றார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். "நீயும் ஒண்ண ஒதுக்கிக்கிட்டுதான் இருக்க. என்னன்னு சொல்லுவ?"

அதனால்தான் ஒரு வாரமாக நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. பேச்சிக்குக் காய்ச்சலா என்று சந்தில் விசாரித்தார்களாம்.

இப்போது ரம்லத் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இந்தச் சட்டைய நாளைக்குப் போட்டுவிடணும் பேச்சியக்கா. வெட்டிருவாங்களோன்னு ராத்திரியெல்லாம் கண்ணு மூடல. நா என்ன கொற வச்சேன்? உப்பு கொறச்சேன், சீனி கொறச்சேன். இன்னும் நா என்னத்த நிறுத்தணும், சொல்லுங்க."

ஊசியில் நூல் கோத்திருந்தேன். பொத்தான் டப்பாவைத் திறந்தேன். வெள்ளை, கறுப்பு, முத்துப் பொத்தான்கள், அடியில் அட்டைகள். என் கன்னத்தில் ஒன்று காரமாகச் சுரந்துகொண்டிருந்தது. ஊர்க்கதை எல்லாம் சொன்ன வாய், இதற்குத் திறக்கவில்லை.

டப்பாவை அவள் மடியில் வைத்தேன்.

"இதுக்குப் பொருத்தமா ஒண்ணு நீயே தேடி எடு," என்றேன்.

அவள் வெள்ளைப் பொத்தான்களை விரலால் ஒதுக்கினாள். ஒன்றை எடுத்துச் சட்டையோடு வைத்துப் பார்த்தாள், சற்றே பெரிது. திரும்பப் போட்டுவிட்டு, இன்னும் அடியில் கையை விட்டாள். பொத்தான்களுக்கு நடுவே அட்டை நொறுநொறுவென்று சத்தம் போட்டது.