மூன்றாவது வரிக்கான இடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க ஒரு கிடங்குக்குக் காவல் இருந்துவிட்டு, காலையில் தூங்கப் போகாமல் ப்ளூஸ் பாட்டு வகுப்புக்குப் போகிறவன் நான். கல்லூரியைப் பாதியில் விட்டவன். இந்தக் கதையையும் விட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘டயர் கடை மாடியில் துயரம் கிதார் தந்தியாக...’

அடித்துவிட்டேன். வகுப்பு நடக்கும் அந்த மாடியில் துயரமெல்லாம் இல்லை. ரப்பர் நாற்றம்தான்.

2

ப்ளூஸில் ஒரு வரி பாட வேண்டும். அதையே திரும்பப் பாட வேண்டும். மூன்றாவது வரி பதில் சொல்லும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தது தொடங்கிவிடும். யார் தப்பு செய்தாலும் சுற்று நிற்கக் கூடாது. டீச்சர் போட்ட ஒரே சட்டம். அதைக் காப்பாற்றுவது அடிநாதம் பிடிக்கும் என் பேஸ் கிதார். [அங்கேயும் காவல் வேலைதான்.]

அன்று எங்களோடு படிக்கும் லிஃப்ட் மெக்கானிக், சொந்தமாக எழுதிய பாட்டைப் பாட வேண்டும். நாம் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவர் முடித்து வைப்பார், அப்படி ஒரு ஆள். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவியை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போ என்று கெஞ்சி வரவழைத்திருந்தார்.

படியேறும்போதே அந்தம்மா டீச்சரிடம் ஆரம்பித்தார்.

“கேட்டுட்டுத்தான் எந்த வீட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணப் போறேன். கல்யாணமானதிலேர்ந்து ஒரு பேச்சை நான் முழுசா முடிச்சதில்ல டீச்சர். நான்...”

“பசியோட இருக்கா, அதான்” என்றார் மெக்கானிக்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தம்மா சிரிக்கவில்லை.

“பாத்தீங்கல்ல?”

3

‘மேல போனேன், கீழ வந்தேன், ஒரு கதவும் திறக்கல.’

இரண்டு தடவை பாடினார். மூன்றாவது வரி எங்களுக்கு மனப்பாடம்: ‘சாவி உன்கிட்ட இருக்கு, தப்பு என்கிட்ட இல்ல.’ போன வாரமே டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “இது பதில் இல்ல சார், பஞ்சாயத்து.” மாற்ற மாட்டேன் என்று மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த இடம் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதே இரண்டு வரி. மூன்றாவது வரிக்கான இடத்தில் இந்தத் தடவை கிதார் தந்தியிலிருந்து கையையும் எடுத்துவிட்டு, மனைவி உட்கார்ந்திருந்த பின்பெஞ்சைப் பார்த்தார். என் பேஸ் மட்டும் தனியாக நடந்தது. [கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின்கூட நின்றுபோனது என்று எழுத ஆசை. நிற்கவில்லை. அது பாட்டுக்கு இரைந்தது.]

கிடங்கு முழுக்கக் காலியாக இருந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய இடத்தைப் பார்த்ததில்லை.*

4

முடிவு ஒன்று: அந்தம்மா அழுதார். சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: எழுந்து போய்விட்டார். எழுதிப் பார்த்தேன், வீம்புக்கு எழுதியது போலிருந்தது.

நடந்தது இதுதான். மூன்றாவது சுற்று. இரண்டு வரியும் முடிந்தது. மெக்கானிக் மறுபடி கையை எடுத்தார். பின்பெஞ்சில் அந்தம்மா எழுந்து நின்றார். தாளம் பிசகாமல், சரியாக அந்த இடத்தில், வாயைத் திறந்தார்.

“நான்...”

யாரும் குறுக்கே வரவில்லை. நானும் வரப்போவதில்லை. நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். பேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

* “அந்த இடத்தைக் காலியா விடறத நான் சொல்லித் தரல” என்றார் டீச்சர் பிறகு. “எனக்கே தெரியாதே.”