பாலை மிதித்தவர்

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் பைப் இணைப்பிலிருந்து காலையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. மதியத்துக்குள் பேசின் நிறைந்துவிட்டது. குய்ஷி அதைக் கொட்டிவிட்டு வரும்போது கீழ்வீட்டு ஜியாவ் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

“என் வீட்டுக் கூரையில துருத்தண்ணி படம் வரையுது. ஆளைக் கூப்பிட்டியா இல்லையா?”

“கூப்பிட்டாச்சு. வந்துட்டிருக்காரு.”

கூப்பிட்டது அவள் இல்லை. மருமகள் சுன்லிங் படுக்கையில் இருந்தபடியே போன் செய்துவிட்டாள். குய்ஷிக்கு அது பிடிக்கவில்லை. ஒழுகுவது பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில். பெற்று ஒரு மாதம் ஆகும்வரை அதற்குள் வெளியாள் கால் படக்கூடாது. பட்டால் தாய்ப்பாலை மிதித்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதற்காகத்தான் அறைக் கதவில் சிவப்புத் துணி தொங்கியது. சுன்லிங்குக்குப் பால் சுரக்கவே ஒரு வாரம் ஆயிற்று. கெண்டை மீன் சாறும் பன்றிக்கால் சாறுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து, முந்தாநாள்தான் குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

பைப் வேலை பார்க்கும் பாங் மேஸ்திரி வந்தார். தொப்பியின் காதுமறைப்பில் பனி உறைந்திருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராக அறைப் பக்கம் நடந்தவர், சிவப்புத் துணியைப் பார்த்ததும் நின்றார்.

“அடடே. பையனா, பொண்ணா?”

“பொண்ணு. நீங்க உள்ள வரக்கூடாது.”

“அப்ப ரேடியேட்டரை வெளிய அனுப்புங்கக்கா, பார்த்துத் தரேன்.”

“விளையாடாதீங்க மேஸ்திரி.”

“நானா விளையாடறேன்? வேணும்னா நிலவறையில மொத்தப் பைப்பையும் மூடிட்டுப் போறேன். சொட்டாது. சூடும் வராது. வெளிய மைனஸ் இருபத்தஞ்சு. பரவாயில்லையா?”

உள்ளேயிருந்து சுன்லிங் சொன்னாள்: “அத்தை, பாலை மிதிக்கிறதாவது! அவரை உள்ள விடுங்க. நான் போர்வையை இழுத்து மூடிக்கிறேன்.”

“நீ பேசாத. வாய் வழியா காத்து உள்ள போயிடும்.”

குய்ஷி கையை நீட்டினாள். “ஸ்பேனரைக் குடுங்க. நீங்க இங்கிருந்து சொல்லுங்க. டப்பா ஃபேக்டரியில மூடி போட்ட கை இது.”

பாங் பெரிய ஸ்பேனரையும் புது ரப்பர் வாஷரையும் கொடுத்துவிட்டு, துணிக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். குய்ஷி துணியை விலக்கி உள்ளே போனாள்.

“முதல்ல ரெண்டு வால்வையும் மூடுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வலது பக்கம் திருப்பணும்.”

“மூடிட்டேன்.”

“நல்லாவா?”

“இதுக்கு மேல திரும்பலை.”

“சரி. மேல் முனையில சின்ன திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்துங்க.”

சீறிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றது. குய்ஷிக்குத் தைரியம் வந்தது. இணைப்பின் நட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

“இடது பக்கம்தானே இழுக்கறீங்க?” என்றார் பாங்.

“எனக்குக் கை தெரியாதா?”

நட்டு இளகியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. திடீரென்று கறுப்புத் தண்ணீர் வெடித்து அவள் முகத்தில் அடித்தது. கொதிக்கவில்லை, ஆனால் கையில் சுட்டது. மேல் வால்வு பழையது. திருப்பம் நின்றதே தவிர, உள்ளே மூடவில்லை. பேசின் நிமிடத்தில் நிறைந்து தரையில் வழிந்தது. தொட்டில் பக்கம் ஓடியது.

சுன்லிங் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. கீழேயிருந்து ஜியாவ் கூரையைக் கட்டையால் இடித்தார்.

“நட்டை முறுக்குங்க!” என்று பாங் கத்தினார். எழுந்து நின்றாரே தவிர, வாசலைத் தாண்டவில்லை.

குய்ஷி முறுக்கப் பார்த்தாள். ஈரக் கையில் ஸ்பேனர் வழுக்கியது. தொட்டிலைப் பார்த்தாள். மருமகளின் மார்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சிவப்புத் துணியைத் தானே பிடுங்கினாள்.

“வாங்க உள்ள.”

அவர் அவள் கையிலிருந்த துணியை வாங்கி இணைப்பில் அழுத்திச் சுற்றினார். ஸ்பேனரின் முதுகால் மேல் வால்வைத் தட்டி, முன்னும் பின்னும் அசைத்து மூடினார். தண்ணீர் நின்றது. இற்றுப்போன வாஷரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து இறுக்கினார். வால்வுகளைத் திறந்தார். கட்டில் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

“ரேடியேட்டர் பழுத்த கிழம். இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்கும்” என்றார்.

“அதை விடுங்க. நீங்க மிதிச்சிட்டீங்க.”

“தெரியும். எங்கம்மாவும் இதேதான் சொல்வாங்க. மிதிச்சவன் வீட்டுலயிருந்து நூடுல்ஸ் செஞ்சு கொண்டுவந்தா பால் திரும்பிடுமாம்.”

“கொண்டுவரணும்.”

“தனிக்கட்டைக்கா நான். எங்க வீட்டுல வெந்நீர் கெட்டில்தான் இருக்கு.”

“மாவு பிசையத் தெரியாதா? பைப்புக்குப் பூச்சு பிசையறீங்கல்ல?”

அவர் பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து, பால் வராமல் அழுதது. பயந்ததால்தான் என்றாள் சுன்லிங். மறுநாள் காலையிலும் அரைவயிறுதான். குய்ஷி பால்பவுடர் வாங்கிவர மகனை அனுப்பினாள்.

மதியம் கதவு தட்டப்பட்டது. பாங் நின்றிருந்தார். கையில் துண்டு சுற்றிய கிண்ணம். மணிக்கட்டில் மாவு காய்ந்திருந்தது.

குய்ஷி துண்டை விலக்கிப் பார்த்தாள். “இது நூடுல்ஸா?”

“கயிறு மாதிரி வந்துடுச்சு. முட்டை போட்டிருக்கேன்.”

சுன்லிங் ஒரு வாய் தின்றுவிட்டுச் சிரித்தாள். பிறகு பசியோடு முழுவதையும் தின்றாள். பாங் அறை வாசலுக்கு வெளியே முக்காலியில் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குழந்தை பால் விழுங்கும் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, இடைவிடாமல்.

“இணைப்பு எப்படி?” என்று மெதுவாகக் கேட்டார்.

குய்ஷி உள்ளே போய் ஒரு காகிதத்தை நட்டைச் சுற்றி ஓட்டினாள். காகிதம் காய்ந்தே இருந்தது. நேற்றிலிருந்து அடியில் வைத்திருந்த வெற்றுப் பேசினை எடுத்தாள். துவைத்து ரேடியேட்டர் மேல் போட்டிருந்த சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டாள். கறை முழுதும் போகவில்லை. துணி சூடாக இருந்தது. வெளியே வந்து அதைக் கதவில் மாட்டினாள்.

“கிண்ணத்தை நாளைக்கு வந்து வாங்கிக்குங்க. வெறும் கிண்ணமாத் தரமாட்டேன்” என்றாள்.