வெள்ளச்சியைத் துடைத்த துணி

குதிரைக்குச் சளி பிடித்தது என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சிரிப்பார்கள். மாடசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புத்தளைத் தோட்டத்தில் துரையின் குதிரைகளைப் பார்ப்பவன் அவன்தான். நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கருப்பன் என்ற குதிரையைத் துரை வாங்கி வந்த மறுவாரமே அதற்கு மூக்கு ஒழுகியது, உடம்பு கொதித்தது. பக்கத்துக் கொட்டிலில் வெள்ளச்சி சினையாக நின்றாள். அவன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குதிரை. பிள்ளை இல்லாத அவனுக்கு அவள்தான் மகள்.

பதுளையிலிருந்து மிருக வைத்தியர் யோகமலர் வந்து, கருப்பனின் மூக்குக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார்.

"ரெண்டு வகை வைரஸில ஒண்டாய் இருக்கும், மாடசாமியண்ணை. ஒண்டு சும்மா சளித் தடிமன். மற்றது பொல்லாதது. சினைக்குதிரைக்குத் தொத்தினால் குட்டி வயித்துக்குள்ளயே செத்துப்போகும். பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான்."

"அப்ப எப்புடிங்க கண்டுபுடிப்பீங்க, டாக்டரம்மா?"

பிறபொருளெதிரி என்று ஒன்றைச் சொன்னார். ஒவ்வொரு வகைக்கும் ஒன்று உண்டாம். தன் ஆளை மட்டும்தான் போய்ப் பிடிக்குமாம். பிடித்த இடம் கண்ணாடித் தட்டில் பச்சையாக ஒளிருமாம். மாடசாமிக்குப் புரிந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களை மட்டும்தானே பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

"முடிவு வரும்வரைக்கும் வெள்ளச்சியை மேல் கொட்டிலுக்கு மாத்துங்கோ. வாளி, கடிவாளம் எல்லாம் வேற வேறயா வையுங்கோ."

எல்லாவற்றையும் வேறாக்கினான். பயம் மட்டும் ஓயவில்லை. லயத்தில் அம்மை கண்டால், மாரியம்மன் காலடியில் வைத்த மஞ்சள் துணியை வேப்பிலைத் தண்ணீரில் நனைத்து நோயாளியைத் துடைப்பார்கள். அதே துணியால் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தையும் ஒற்றுவார்கள், ஆத்தா அவர்களைத் தொடாமல் போகட்டும் என்று. மாடசாமி அப்படியொரு துணியால் கருப்பனின் மூக்கைத் துடைத்தான். நேரே மேல் கொட்டிலுக்குப் போய் வெள்ளச்சியின் மூக்கிலும் ஒற்றினான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான், பாவி மனிதன்.

யோகமலர் மறுபடி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"பொல்லாததுதான், அண்ணை. அதுக்குரிய பிறபொருளெதிரி பிடிச்சு, தட்டெல்லாம் பச்சை. நல்ல காலம், வெள்ளச்சியை விலக்கி வைச்சீங்கள். கருப்பன்ரை சளி பட்ட ஒண்டும் அவளிட்டப் போகேல்லைத்தானே?"

மாடசாமி வாசல் பக்கம் திரும்பினான். கொடியில் காய்ந்த மஞ்சள் துணியைப் பார்த்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமே!

"சாமி துணிங்கம்மா," என்றான். "ரெண்டு பேத்தையும் அதுலதான் தொடச்சேன்."

யோகமலர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இனிக் குடுக்க மருந்தில்லை. அவள் இருமாமலும் இருக்கலாம், தொத்தினது வெளியில தெரியாமலே போகலாம். ஒவ்வொரு நாளும் வயித்தில கை வைச்சுப் பாருங்கோ, குட்டி துடிக்குதோ எண்டு."

அதிலிருந்து மாடசாமி கொட்டிலுக்குப் போய் வந்துதான் காலைத் தேத்தண்ணியில் வாய் வைப்பான். உள்ளங்கையை வயிற்றில் வைத்ததும் குட்டி உதைக்கும். வாரக்கணக்கில் உதைத்தது. வெள்ளச்சி இருமவில்லை, புல்லையும் விடவில்லை. ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று மனைவி ரெங்கம்மா பொங்கல் வைக்க நாள் பார்த்தாள்.

மார்கழிப் பனியில் ஒரு விடியலில் கை வைத்தான். காத்திருந்தான். இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். வெள்ளச்சி வழக்கம்போலத் திரும்பி அவன் தோளை முகர்ந்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. தேத்தண்ணி ஆறுது என்று ரெங்கம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள்.

கையை எடுக்க மாடசாமிக்குப் பயமாக இருந்தது.