மூன்று மாத ஆப்சென்ட்

ஆறு வருஷமாக நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். "இன்னும் முடியலையா ஸ்வீட்லின்?" என்று கேட்காத ஆள் அரக்கோணத்தில் இல்லை. பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். 'திருத்தணி வட்டாரத்தில் பெண் கல்வியும் பொருளாதார வளர்ச்சியும், 1921 முதல் 1938 வரை' என்று தலைப்பை முழுசாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. தலைப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

என் ஆய்வில் நான்காவது அத்தியாயம்தான் என் செல்லப்பிள்ளை. திருத்தணியில் ஒரு பழைய மிஷன் பள்ளியின் வருகைப் பதிவேடுகளைப் பார்த்து எழுதியது. அதில் பெண்பிள்ளைகள் ஆடி மாதம் காணாமல் போவார்கள், ஐப்பசியில்தான் திரும்பி வருவார்கள். பையன்கள் இரண்டே நாளில் வந்துவிடுவார்கள். ஆடியில் விதைப்பு, ஆவணியில் நடவு. நடவு பெண்கள் வேலை. ஆகவே பெண்பிள்ளைகளின் படிப்பை நெல்வயல் தின்றது என்று எழுதினேன். என் வழிகாட்டி பேராசிரியர் கோமளவல்லி திருவாலங்காட்டுக்காரர், நடவு பார்த்து வளர்ந்தவர். ஓரத்தில் 'அருமை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அந்த மனுஷி ஒரு கோடு போடுவதே அபூர்வம்.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. திரும்பி வந்த ஒவ்வொரு பெண்ணும் ஒரே ஒரு வருஷம்தான் அப்படிக் காணாமல் போனாள். அடுத்த ஆடியில் ஒழுங்காக வந்தாள். வயல் என்ன, ஒரு வருஷம் மட்டுமா விளையும்? நான் அசரவில்லை. குடும்பங்கள் மகள்களை முறைவைத்து வயலுக்கு அனுப்பின என்று சொல்லி, 'சுழற்சி முறை உழைப்பு' என்று பெயரும் வைத்தேன். வாய் மட்டுமல்ல, எனக்குப் பேனாவும் கொஞ்சம் நீளம்தான்.

எனக்குக் கொடுத்த மூன்றாவது கால நீட்டிப்பு ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது. அதற்கு முன் குழுவின் முன்னால் ஆய்வை விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது வெள்ளிக்கிழமை. வாங்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷம் அம்போ. திங்கட்கிழமை, விட்டுப்போன இரண்டு பதிவேடுகளைப் படம் எடுக்க மின்சார ரயிலில் திருத்தணி போனேன். ஆடிக் கிருத்திகை முடிந்து பத்து நாள் ஆகியும் பெட்டியில் கூட்டம் குறையவில்லை. எதிர் சீட்டில் சந்தனம் பூசிய மூன்று மொட்டைத் தலைகள். நான் அவர்கள் முன்னால் உட்கார்ந்து நடவுப் பக்கத்தில் கமா திருத்திக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் கிளார்க் துரைக்கண்ணு பீரோவைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை பிரேமா போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா நீ, மொட்டதானே போட்ட? கை கால் உடைஞ்சா போச்சு? ஸ்கார்ப் கட்டி அனுப்பு. முடி வளந்தப்பறம் அனுப்பறேன்னா பரீட்சைய யாரு எழுதறது, முருகனா?"

போனை வைத்ததும் சும்மா இருக்க முடியாமல், "யாருங்க மேடம்?" என்று கேட்டேன்.

"ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட அம்மா. வேண்டுதல்னு கிருத்திகைக்கு மொட்ட போட்டாங்க. பத்து நாளா ஆளக் காணோம். வருஷா வருஷம் ரெண்டு மூணு இப்டித்தான். பசங்களுக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள்ல சந்தனத்தத் தடவிகினு வந்து குந்திக்குவானுங்க. பொண்ணுங்கதான் கேலி பண்ணுவாங்கன்னு வீட்டோட இருந்துடுதுங்க."

"எவ்ளோ நாளுங்க?"

"ஆங்... காதை மறைக்கிற வரைக்கும். ரெண்டு மாசம், மூணு மாசம்."

துரைக்கண்ணு நீட்டிய பதிவேட்டைத் திறந்தேன். 1929. ஆடியில் ஒரு நாள் முழுக்கச் சிவப்பு மையில் 'கிருத்திகை விடுமுறை'. மறுநாள் முதல் பூவம்மாள் என்ற நான்காம் வகுப்புப் பெண் வரவில்லை. ஐப்பசி வரை வரவில்லை. நான் இதுவரை மாதக் கணக்காகக் கூட்டி மட்டுமே ஏற்றியிருந்தேன். எந்தத் தேதியில் காணாமல் போனார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆண், பெண் போதும் என்று அதையும் தாண்டிப் போயிருந்தேன். இப்போது பார்த்தேன். பிரேமகுமாரி, கிறிஸ்தவர், தகப்பனார் யோபு, தொழில் விவசாயக் கூலி. ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க வந்திருக்கிறாள். நடவு இருந்தால் கூலிக்காரர் யோபு வீட்டுக்கும்தானே இருந்திருக்கும்! எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் யாரும் மொட்டை போட்டதில்லை. பிறந்ததிலிருந்து ரயிலில் மொட்டைகளோடு போய் வந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டில் என் கணவர் ஸ்டீவன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ரயில்வேக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"நடவுன்னே விட்டுடு ஸ்வீட்டி. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதுங்களே."

"அதுவும் சரிதான்" என்றார். லீவு போட்டார். இரண்டு நாள் அவர் பதிவேட்டுப் படங்களிலிருந்து பெயரும் தேதியும் படிக்க, நான் ஏற்றினேன். பதினெட்டு வருஷத்தில் இப்படிக் காணாமல் போன பெண்கள் அறுபத்து மூன்று பேர். ஒருத்தி விடாமல் எல்லாரும் கிருத்திகைக்கு மறுநாள் போனவர்கள். ஒருத்தியும் கிறிஸ்தவப் பெண் இல்லை. கடைசியில் ஸ்டீவன் படிப்பதை நிறுத்தினார்.

"இந்த இருவத்திரெண்டு பேரு திரும்பி வரவே இல்லயேம்மா."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. கிருத்திகைக்கு மறுநாள் வராத பையன்களில் ஒருத்தன்கூடப் பள்ளியை விட்டு நிற்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வயல் வந்து பிடுங்கியிருந்தால் அது வேறு. நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக இருபத்திரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கிறது. அந்தக் கோபத்திலேயே அத்தியாயத்தைப் புதிதாக எழுதி வியாழக்கிழமை கோமளவல்லி மேடத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. எப்போதும் பத்து நிமிஷத்தில் பதில் போடுகிறவர்.

வெள்ளிக்கிழமை சென்னையில் நான் பேசி முடித்ததும் குழு உறுப்பினர் சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றினார். பொருளாதாரப் பேராசிரியர், நம்பர் இல்லாமல் நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"தேதியெல்லாம் பொருந்துதும்மா. ஆனா கோயிலுக்குப் போனாங்கங்கறதுக்கு மேல இதுல என்ன இருக்கு? பதிவேடு, பிள்ளைங்க வரலைன்னு மட்டும்தான் சொல்லுது. கூச்சத்துல வரலைன்னு எந்த ஆவணம் சொல்லுது? போன மாசம் வரைக்கும் நடவுன்னு எழுதினீங்க. இப்ப மொட்டைங்கறீங்க. நான் எதை நம்பி கையெழுத்து போடறது?"

கேள்வி நியாயமானது. ஏழாம் வகுப்புப் பெண்ணின் கதை இந்தக் காலத்துக் கதை. பூவம்மாள் எங்கேயும் எதையும் எழுதி வைக்கவில்லை. கையில் இருந்த பதிவேட்டுப் படங்களைப் புரட்டினேன்; காரணம் என்று ஒரு கட்டம் எதிலும் இல்லை.

"சார்" என்றார் கோமளவல்லி மேடம். "நான் ஆறாங்கிளாஸ்ல மொட்ட போட்டேன். திருத்தணியிலதான். தம்பிக்குக் காய்ச்சல் சரியாகணும்னு எனக்கும் மொட்ட போடறதா வேண்டிகினாங்க."

முப்பது வருஷமாகச் சென்னையில் பாடம் நடத்துகிற மேடம் வாயில் முதல் தடவையாக ஊர்ப் பேச்சு வந்தது.

"மூணு மாசம் இஸ்கூல் பக்கமே போகல. தெருப் பசங்க தேங்கா, தேங்கான்னு கத்துவானுங்க. தம்பியும்தான் மொட்ட போட்டான். அவன் ரெண்டாவது நாளே போயிட்டான். இது எனக்கே மறந்துபோச்சு சார். இவ நடவுன்னு எழுதினப்போ அருமைன்னு கோடு போட்டவ நான். நேத்து இந்த அத்தியாயத்தைப் படிச்சிட்டு ராத்திரி சாப்பிடல."

சிவப்பிரகாசம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்த மூணு மாசத்துலதான் பின்னம் நடத்தினாங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் பின்னம் வராது. கணக்கு டீச்சராகணும்னுதான் ஆசை. வரலாறு எடுத்தேன்."

பிறகு சிவப்பிரகாசம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "இதையும் ஆய்வுல சேர்க்கணும்மா" என்று என்னிடம் சொன்னார். "மேடத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

மேடம் பேனாவைத் திறந்தார். 'அருமை' என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பு வர வேண்டிய இடத்தில், தன் கையாலேயே எழுதினார்: கோமளவல்லி, ஆறாம் வகுப்பு, வரவில்லை.