குளோரின் தட்டு

மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைத் திருப்பித் தரும்போது அதெமார் முகத்தைச் சுளித்தார்.

"மாத்தே குடிக்கிறேனா, ஆஸ்பத்திரித் தரைய நக்குறேனான்னு தெரியல."

"கைய மூணு தடவ கழுவிட்டுத்தாம்ப்பா ஊத்துனேன்."

"எதுல கழுவுன? குளோரின்லதான."

மகள் இர்மா குடுவையை வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னது உண்மைதான். கொஞ்ச நாட்களாக அந்த வீட்டில் ரொட்டியில்கூட அந்த வாசனை இருந்தது. அவர் நன்றி சொல்லாமல் குடுவையைக் கொடுத்திருந்தார். அப்படியென்றால் இன்னொரு சுற்று வேண்டும். போதும் என்கிறவர்கள்தான் நன்றி சொல்வார்கள். அவள் வெந்நீர் ஊற்றி நீட்டுவதற்குள் எழுந்துவிட்டார்.

"கடைசிக்காரனப் பாத்துட்டு வந்துடறேன். அப்படியே வை."

கடைசிக்காரன் என்றது பண்ணை நாய் சிஸ்பா ஈன்ற குட்டிகளில் மிஞ்சியிருந்த ஒன்றை; அதுவும் ஊசியில் ஏற்றும் தண்ணீரில்தான் உயிரோடு கிடந்தது. மற்றவற்றைப் பார்வோ என்ற நாய்க் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது. முதலில் வாந்தி, பிறகு இரத்தக் கழிச்சல், ஒருமுறை மூக்கில் ஏறினால் இறங்காத அந்த நாற்றம். ஒரு குட்டி மட்டும் அப்படிப் போகவில்லை. பால் குடித்துவிட்டு, பக்கத்தில் கிடந்ததன் காதைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அப்படியே சாய்ந்தது.

"ரொம்பச் சின்னதுக்குச் சில சமயம் குடலுக்குப் போகாம நெஞ்சுக்குப் போயிடும்" என்று அப்போது வந்து பார்த்துச் சொன்னாள் லோரெனா, ஊரிலிருந்து வந்த கால்நடை டாக்டர். "இதயம் நின்னுடும். அவ்ளோதான்."

"வலிச்சிருக்காதா?" என்று கேட்டார் அதெமார்.

"தெரியல, தோன் அதெமார்" என்றாள், பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

அவள் இன்னும் சொன்னாள். இந்த நோயில் முதன்முதலில் வந்த வகை இப்போது இல்லை. அது மாறி மாறி ஏ, பி, சி என்று மூன்றாகிவிட்டது. உருகுவாயில் கூடுதலாகச் சுற்றுவது சி. அது வளர்ந்த நாயையும் விடுவதில்லை.

"எழுத்து வரிசைல வருதா? அப்ப இன்னும் நெறைய பாக்கியிருக்கே" என்று சிரித்தார் அதெமார்.

"தாய்க்குத் தடுப்பூசி போட்டீங்கல்ல?"

"போட்டேனே. ஒரு பாட்டில், மூணு நாய்க்கும் பிரிச்சு."

டாக்டர் இர்மாவைப் பார்த்தாள். ஆட்டு மருந்து அப்படித்தான் வரும். பெரிய பாட்டில், ஊசித் துப்பாக்கி, மந்தை மொத்தத்துக்கும். அதெமார் ஆயுள் முழுக்க ஆடுகளுக்கு அப்படித்தான் போட்டார். நாய்க்கான சின்னப் பாட்டில் ஒரே ஒரு நாய்க்கு என்று டாக்டர் மெதுவாகச் சொன்னாள். அதெமார் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

மண்ணில் இந்தக் கிருமி ஒரு வருஷம்கூடக் கிடக்கும், பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகும் என்றாள் டாக்டர். வாசல் கதவுக்குப் பக்கத்தில் குளோரின் தண்ணீர்த் தட்டு வைக்கச் சொன்னாள். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் பத்து நிமிடம் அதில் நிற்க வேண்டும். வெயிலில் குளோரின் செத்துவிடும். தினமும் மாற்ற வேண்டும்.

அவர் எழுந்துபோன அந்தக் காலையில், ஊற்றி வைத்த குடுவை ஆறிப்போனதைப் பார்த்துத்தான் இர்மா வெளியே வந்தாள்.

அவர் நாய்ப்பட்டி வேலியோரம் பக்கவாட்டில் கிடந்தார். தொப்பி கன்னத்துக்கு அடியில் இருந்தது. பட்டிக் கதவு தாழ் போட்டிருந்தது, போட்டுவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். உள்ளே கடைசிக்காரன் கிண்ணத்தில் தானாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஊசி வழியாக இல்லாமல் அது தண்ணீர் குடித்து அன்றுதான் பார்த்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மண்டியிட்டு அவர் கழுத்தில் விரல் வைத்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் அண்ணன் ரூபென் தலைநகரிலிருந்து வந்தான். முன்னறையில் சவப்பெட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இர்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வாசல் கதவருகே தட்டோடு நின்றாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தட்டில் நின்றபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். சிலருக்குச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. மிச்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

தொரோத்தேயோவின் வண்டி வந்து நின்றது. அதெமாருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. பின்னால் அவருடைய இரண்டு நாய்களும் நின்றன.

"நாய இறக்காதீங்க, தோன் தொரோத்தேயோ. பூட்ஸோட இதுல கொஞ்சம் நிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

"குளிச்சிட்டு வரவா? சோப்பு இருக்கா?"

"உங்க வீட்ல குட்டி போட்டிருக்கு."

"என் குட்டியப் பத்தி எனக்குத் தெரியும் மவளே. அவன் கல்யாணத்துக்கு நான் குதிரையோட கூடத்துக்குள்ளயே வந்தவன். அவன் சாவுக்குக் கால் கழுவிட்டு வரணுமாக்கும்."

"எல்லாருக்கும்தான் சொல்றேன்."

"நான் எல்லாருமா?"

இர்மா வழிவிடவில்லை. அவர் அவளையும் தட்டையும் பார்த்தார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"அவர உள்ள விட்டிருக்கலாம்" என்றான் ரூபென். "அப்பா எழுந்து வந்து உன்ன அடிப்பாரு."

"நாய் செத்தா தோன் தொரோத்தேயோ எத வச்சு ஆடு மேய்ப்பாரு?"

அவன் உள்ளே போனான். மேசையில் அப்பாவுக்கு ஊற்றி ஆறிப்போயிருந்த மாத்தேயை எடுத்துக் கொட்டப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, அங்கேயே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை பெட்டியை மூடும் முன் இர்மா அப்பாவின் பூட்ஸைக் கழற்றினாள். விழுந்தபோது போட்டிருந்த அதே பூட்ஸ். ரூபென் துடைத்து மாட்டிவிட்டிருந்தான்.

"என்னடி பண்ற?" என்றான் ரூபென்.

"பட்டிக்குள்ள போட்டுட்டுப் போனது."

"மண்ணுக்குள்ள போறவருக்கு எதுக்கு?"

"எல்லாருக்கும்னு சொன்னேன்ல."

இரண்டு பூட்ஸையும் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நடந்து வாசலுக்குப் போனாள். தட்டில் அவற்றைச் சேர்த்து நிறுத்தி வைத்தாள். பக்கத்தில் நின்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் தொரோத்தேயோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நாய்கள் இல்லை.

"அவனுக்குமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ம்."

அவர் சாலையைக் கடந்து வந்தார். தட்டில் இருந்த பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவற்றுக்குப் பக்கத்தில் தன் காலை ஒவ்வொன்றாக வைத்து நின்றார். அவர் பூட்ஸின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அதெமாருடையதும் அப்படித்தான்.

"சில்லுனு இருக்கு" என்றார்.

"காலைலதான் மாத்துனேன்."

உள்ளே யாரோ இருமினார்கள். இழவு வண்டிக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அந்தக் குட்டி?"

"தண்ணி குடிச்சிது. தானா."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

தொரோத்தேயோ தலையை ஆட்டினார். தொப்பியை ஒருமுறை சுற்றினார். நேரம் முடிந்ததும் அவரே குனிந்து அதெமாரின் பூட்ஸை எடுத்து, தண்ணீரை உதறி, உள்ளே கொண்டுபோனார். அவரே மாட்டிவிட்டார். பெட்டியின் முன் கைப்பிடி ஒன்றை அவர் பிடித்தார், மற்றொன்றை ரூபென் பிடித்தான். வெளியே போகும்போது தூக்கியவர்கள் எல்லாரும் பெட்டியை இறக்காமலே இருவர் இருவராகத் தட்டில் கால் நனைத்துப் போனார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் ரூபென் தலைநகருக்குக் கிளம்பினான். யாரும் வருவதாக இல்லை. இர்மா தட்டில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள், குளோரின் அளந்து கலந்தாள். கடைசிக்காரனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு வேலியோரம் வந்து நின்றாள். அங்கே காற்றில் புல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்ன எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. அவர் விழுந்த இடத்திலும் குட்டிகள் படுத்திருந்த இடத்திலும் மண், மற்ற இடத்து மண்ணைப் போலத்தான் இருந்தது.