ஆறுமுகசாமியின் உண்ணாநோன்பு

இதனால் சித்தூர்த் தாலுக்காவின் விவசாயப் பெருமக்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், நமது சங்கத்தின் முன்னாள் தலைவர் ஆறுமுகசாமி அவர்கள், வாய்க்காலில் தண்ணீர் திறக்கும்வரை அன்ன ஆகாரம் தொடுவதில்லை என்ற இரும்பு உறுதியுடன், இன்று பதினோராம் நாளாக உண்ணாநோன்பைத் தொடர்கிறார்.

சங்கச் செயலாளர் பொங்கியண்ணன் செல்போனைப் பார்த்து இதை உரக்கப் படித்து முடித்தபோது, முதியோர் இல்லக் கட்டிலில் இரும்பு உறுதிக்காரரின் கடைவாயில் வழிந்த கஞ்சியை மருமகள் யோகப்பிரியா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படீங் அம்மிணி? குரூப்புல போட்டுட்டனுங்க. நானூறு பேரு கும்புட்டிருக்காங்க."

"நோம்பெல்லாம் இல்லீங்க. பக்கவாதம் வந்ததுல இருந்து மாமனுக்குத் தொண்டையில எறங்க மாட்டீங்குதுங்க."

"மொதல்ல எறங்கீட்டுத்தான இருந்துச்சு? இப்ப வாயவே தொறக்க மாட்டீங்கறாரே. அதுக்குப் பேருதானுங்க வைராக்கியம்."

காய்ச்சல் வந்து படுத்த நாளிலிருந்து கரண்டியைக் கண்டாலே மாமனார் உதடுகளை இறுக்கிக்கொள்கிறார் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீருக்காக அவர் முன்பு ஒருமுறை மேடையில் இருந்த நோன்பு, காலை பத்து மணிக்குத் தொடங்கி, மிகச் சரியாகச் சோற்று நேரத்தில், மாபெரும் வெற்றியுடன் முடிந்தது என்பதும் உண்மை.

நாலு மணிக்கு டாக்டர் வந்து மூக்கில் குழாய் போடுவதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போடக் கணவன் சிவப்பிரகாஷ் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தான். மாமியார் கடைசி ஆறு மாதம் அந்தக் குழாயோடுதான் கிடந்தாள். அதைப் பார்த்துவிட்டு மாமனார் மகனிடம் சொல்லவில்லை, இவளிடம்தான் சொன்னார். "எனக்கு அது வேண்டாஞ் சாமி. நீ போட உட்றாத."

பதினோரு மணிக்குச் சந்தனமேரி வந்தாள். இல்லத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். சின்னக்கானல் எஸ்டேட்டில் வீடு. இரண்டு வார லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"என்னக்கா, ஐயா இப்பிடி வத்திப் போயிட்டாரு? அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும்."

"நான் சங்கச் செயலாளருங்க."

"இருக்கட்டும். தள்ளி நின்னு செயலாளரா இருங்க."

பொங்கியண்ணன் யாருக்கோ போன் போட்டபடி வெளியே போனார். சந்தனமேரி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கிழவரின் தாடையை நெஞ்சை நோக்கிச் சாய்த்தாள். "அண்ணாந்தா மூச்சுல போயிரும். குனிஞ்சாத்தான் வயித்துக்குப் போவும்." பிறகு கூழாகக் கெட்டிப்படுத்திய கஞ்சியில் ஒரு சொட்டைப் புறங்கையில் வைத்து, சூடு பார்க்க நக்கினாள்.

"ஐயோ, எச்சப் பண்றீங்களே!"

பெரியவர்களுக்குக் கொடுப்பதை மருமகள் நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. பதினோரு நாளும், நாளைக்கு மூன்று வேளை, அவள் கிண்ணத்தைத் தொட்டுத்தான் சூடு பார்த்தாள்.

"கையிலதானக்கா நக்குனேன், கிண்ணத்துலயா வாய வெச்சேன்?" சந்தனமேரியின் முகம் கோணியது. "யக்கா, இதுல உப்பே இல்லயே!"

இல்லத்தில் எல்லோருக்குமாக உப்பில்லாமல்தான் சமைப்பார்கள். சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தில் உப்பு இருக்கும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். கிழவர் படுத்த பிறகு கஞ்சி அறைக்கு வந்தது. உப்பு வரவில்லை.

யோகப்பிரியா ஓடிப்போய் ஒரு சிட்டிகை எடுத்து வந்தாள்.

அரைக் கரண்டி. சந்தனமேரி அதை நாக்கில் லேசாக அழுத்தி எடுத்தாள். தொண்டை முடிச்சு அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறியது. இறங்கியது.

"இன்னொருக்கா முழுங்குங்கய்யா. ஆங், அம்புட்டுத்தேன்."

கரண்டியை யோகப்பிரியா வாங்கிக்கொண்டாள். அடுத்த கரண்டிக்கு வாய் தானாகத் திறந்தது. அதற்கடுத்ததற்கும். நாலாவதற்கு மூடிக்கொண்டது, இறுக்கமாக இல்லை, பந்தியில் போதுமென்று இலையை மூடுகிறவர் போல. அவர் மருமகளைப் பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கணவனுக்குப் போன் செய்தாள். "குழாய் வேண்டாங்க. நீங்க மெதுவா வாங்க."

"சாப்புட்டாரா?"

"ம்."

அரை மணி நேரம் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். இருமல் இல்லை, திணறல் இல்லை. பிறகு தூங்கினார். மூன்று மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க வந்த சந்தனமேரி அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "அக்கா," என்றாள். யோகப்பிரியா எழுந்து, போர்வையில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டாள்.

உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது: 'பதினோரு நாள் ஒரு பருக்கையும் தீண்டாது உயிர்நீத்த தியாகச் செம்மல்.' பொங்கியண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"கடேசி நேரத்துல தண்ணியப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா அம்மிணி? பேச்சுல சேத்திக்கறனுங்க."

யோகப்பிரியா முந்தானையில் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு கரண்டி சாப்புட்டாருங்க," என்றாள்.